வேன் கேஸ் ஹீட்டர்: ஃபேன் ஓடுது, சூடு வரல. அவசரம்

குளச்சல்காரன் (திங்கள் இரவு 9.40)
டெம்போ டிராவலர், உள்ள படுத்துத் தூங்குற மாதிரி நானே கேம்பர் ஆக்கினது. அமெரிக்காவுல இருக்க மச்சான் கொண்டுவந்த புரொப்பேன் ஹீட்டர் மாட்டியிருக்கு. போன வருசம் மூணாறுல நல்லா எரிஞ்சுது. இப்ப போட்டா ஃபேன் ஓடுது, கொஞ்ச நேரத்துல அதுவா நின்னுருது. வியாழன் காலையில காஷ்மீர் கிளம்பணும், அம்மாவும் வாறா. யாராவது சொல்லுங்க.

வில்லுக்குறி வயரிங்
பேட்டரி எத்தனை வோல்ட்? ஃபேன் ஓடும்போது பாத்ததா, சும்மா இருக்கும்போதா? வண்டி எத்தனை மாசம் நின்னுச்சு?

திருவட்டாறு ரப்பர்
குளவிக்கூடு. பாக்காமலே சொல்லுதேன். எனக்க வண்டியில ரெண்டு தடவை புகைக்குழாய்க்குள்ள மண்ணு வச்சு அடைச்சிட்டு. சிலந்தியும் வந்து கூடு கட்டும். வெளிய போற குழாய்ல டார்ச் அடிச்சுப் பாருங்க.

தக்கலை டெக்னீசியன்
இந்த விசயத்தை இங்க பத்து தடவையாவது எழுதியிருக்கேன். தேடிப் படிச்சிட்டுக் கேளுங்க தம்பி. குளிரைப் பாத்து ஹீட்டரைப் போடுற தெர்மோஸ்டாட் கூப்பிட்டதும் முதல்ல ஃபேன் ஓடும். அந்தக் காத்து ஒரு சின்னத் தகட்டைத் தள்ளி சுவிட்ச் மூடும். 15, 20 வினாடி கழிச்சுத்தான் வால்வு திறந்து ஸ்பார்க் அடிக்கும். தீ தெரியலைன்னா ரெண்டு மூணு தடவை பாத்துட்டு கண்ட்ரோல் போர்டு தானா நிறுத்திப் பூட்டிக்கிடும். 'டிக் டிக்'னு சத்தம் கேக்குதா இல்லையா? இதைச் சொல்லாம எவனாலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

குளச்சல்காரன்
சத்தம் இல்ல. பேட்டரி புதுசுதான்.

தக்கலை டெக்னீசியன்
அப்ப தகட்டு சுவிட்ச் போச்சு. புதுசு வாங்குங்க.

அஞ்சுகிராமம்
நாளைக்கழிச்சு கிளம்பணும்ங்கிறாரு, புதுசுக்கு எங்க போவாரு? சுவிட்ச் ரெண்டு முனையையும் ஒரு வயரால சேத்துவிட்டா எரியும்.

வில்லுக்குறி வயரிங்
அதைச் செய்யாதீங்க. காத்து இல்லாம வால்வு திறந்தா ஹீட்டருக்குள்ள தீ எரியுற அறையில சூடு ஏறி உலோகம் விரிசல் விடும், புகை உள்ள வரும். அதுல இருக்க கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அதுக்கு வாடையே கிடையாது. வயசானவங்க உள்ள தூங்குறாங்க.

நாகர்கோவில் கிழக்கு
முதல்ல எந்த சிலிண்டர்னு யாரும் கேக்கலையே? வீட்டு 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரா? 2023 ஆகஸ்ட் 26 மறந்துபோச்சா? நம்ம நாகர்கோவில்ல இருந்து இணைச்சுட்டுப் போன சுற்றுலாப் பெட்டி, மதுரை ஸ்டேசன்ல நிக்கும்போது பத்திக்கிட்டு. உள்ள சட்டவிரோதமா வச்சிருந்த சிலிண்டர்தான். 9 பேர் போனாங்க.

அஞ்சுகிராமம்
அது ரயில், இது சொந்த வண்டி. ரெண்டையும் சேக்காதீங்க.

நாகர்கோவில் கிழக்கு
தீக்கு ரயிலும் வேனும் ஒண்ணுதான். சிலிண்டரை வெளிப்பக்கம் தனிப்பெட்டியில, அடியில ஓட்டை விட்டு வைக்கணும். இந்த கேஸ் காத்தைவிட கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். ஜன்னல் திறந்தா மட்டும் போகாது.

திருவட்டாறு ரப்பர்
காஷ்மீர்ல அந்தச் சிலிண்டர் வேலையே செய்யாது. நம்ம சமையல் கேஸ்ல பியூட்டேன் கூட. அது பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்துலயே ஆவியாகாம நின்னுரும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும்.

தக்கலை டெக்னீசியன்
அழுத்தமும் பாக்கணும். அந்த ஹீட்டர் கேக்கது 11 அங்குலத் தண்ணி அழுத்தம், ஏறக்குறைய 27 மில்லிபார். நம்ம வீட்டு ரெகுலேட்டர் 30க்குப் பக்கம்.

திருவட்டாறு ரப்பர்
அழுத்தம் இருக்கட்டும் அண்ணாச்சி, ஹீட்டருக்குள்ள கேஸ் பீச்சுற அந்த ஜெட் புரொப்பேனுக்கு ஓட்டை போட்டது. பியூட்டேன் கூடுனா கரி பிடிக்கும்.

தக்கலை டெக்னீசியன்
நான் முப்பது வருசமா அடுப்பு பாக்கேன், எனக்கு ஜெட் பாடம் வேண்டாம்.

வில்லுக்குறி வயரிங்
ரெண்டு பேரும் ஸ்பார்க்கே வராத ஹீட்டருக்கு கேஸ் பேசிக்கிட்டு இருக்கீங்க. குளச்சல் அண்ணே, வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் எடுங்க. ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும்போது பேட்டரி முனையில ஒண்ணு, ஹீட்டர் முனையில ஒண்ணு பாருங்க. 10.5க்குக் கீழ போனா ஃபேன் தளர்ந்து ஓடும், தகடு தள்ளாது. காதுக்கு வித்தியாசம் தெரியாது.

குளச்சல்காரன் (செவ்வாய் மதியம் 1.15)
பேட்டரியில 12.4. ஹீட்டர்ல 10.1.

வில்லுக்குறி வயரிங்
2.3 வோல்ட் வழியில போகுது. எர்த் வயர் எங்க முறுக்கியிருக்கு? கடல் பக்கமா நிறுத்தியிருந்தா உப்புக்காத்து அந்த போல்ட்டைத் தின்னுருக்கும். கழட்டி, உரசுதாள் போட்டு இரும்பு மினுங்குற வரை தேச்சு, திரும்ப முறுக்கி, மேல கிரீஸ் பூசுங்க.

திருவட்டாறு ரப்பர்
அப்படியே குழாயையும் பாருங்க. குளவிக்கூடு இருந்தாலும் தகடு தள்ளாது.

குளச்சல்காரன் (செவ்வாய் இரவு 10.05)
எர்த்துதான். சேசிஸ்ல முறுக்கின இடம் பச்சையும் சிவப்புமா பொரிஞ்சு இருந்துச்சு. இப்ப 12.1. டிக் டிக் கேட்டுச்சு, எரிஞ்சுது. நன்றி.

நாகர்கோவில் கிழக்கு
சந்தோசம். கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கீங்களா? சிலிண்டர் எங்க இருக்கு?

திருவட்டாறு ரப்பர்
குழாய்ல கூடு இருந்துச்சா?

நாகர்கோவில் கிழக்கு (வியாழன்)
அண்ணே, கிளம்பியாச்சா? அலாரம்?

பேச்சிப்பாறை (ஒன்பது நாள் கழிச்சு)
எனக்கும் இதே மாதிரி ஹீட்டர். ஆனா டிக் டிக் கேக்குது, தீதான் வரல. என்ன பாக்கணும்?

வில்லுக்குறி வயரிங்
எந்த சிலிண்டர்? அதே குழாய்ல அடுப்பு எரியுதா?