மறு: தலைமேல் விழும் பனிக்கட்டிக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> 'கல்மழை' என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாம். மேலேயிருந்து கட்டி விழுகிறது, ஒதுங்க வேண்டும், அவ்வளவுதானே?

ஐயா, அந்த 'ஒதுங்க வேண்டும்' என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. எங்கே ஒதுங்குவது? மேகத்திலிருந்து விழுந்தால் கூரைக்கடியில் ஓட வேண்டும். உயரமான இரும்புக் கோபுரத்திலோ அதை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியிலோ உறைந்து கிடந்தது பெயர்ந்து விழுந்தால் அந்தக் கோபுரத்தை விட்டே விலகி ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லை எச்சரிக்கைப் பலகையில் எழுதினால், படிப்பவன் போகக் கூடாத பக்கம் போவான்.

நான் கோபுரப் பராமரிப்பில் இருந்தவன். ஒரு குளிர்கால இரவு முழுக்க, பட்ட இடத்திலேயே உறைகிற மழை. விடிந்ததும் நல்ல வெயில். மழைதான் விட்டுவிட்டதே என்று கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். மேலே 'சடக்' என்றொரு சத்தம். உடனிருந்த பையன் ஓடிப்போய்க் கோபுரத்தின் அடியிலேயே ஒண்டினான். முழ நீளப் பாளம் ஒன்று குறுக்குச் சட்டத்தில் மோதி இரண்டாக உடைந்து, அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கத்தில் போல்ட்டுத் தலையின் ஆறு மூலையும் அச்சாகப் பதிந்திருந்தன. எங்கள் கையேட்டில் இதற்கு இருந்த சொல் 'பனிப்பொழிவு'. அதைப் படித்தவனுக்குப் பஞ்சு பஞ்சாய் இறங்குவதுதான் நினைவுக்கு வரும். பனி என்றால் நமக்குப் புல்நுனியில் நிற்பதும் பனிதானே.

மேகத்திலிருந்து விழுவதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பேச்சில் 'ஆலங்கட்டி மழை' இருக்கிறது. சங்கப் பாடல்களிலேயே 'ஆலி' இருக்கிறது. பலகைக்கு முன்னது, கூட்டுச்சொற்களுக்குப் பின்னது: ஆலித்தாங்கி, ஆலிச்சேதம். விவிலியத் தமிழின் 'கல்மழை'யும் நல்ல சொல்தான், ஆனால் கற்சுரங்கத் தளத்தில் அதை எழுதி வைத்தால் நிஜக்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள். வானிலையாளர்கள் 5 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்ததை ஆலங்கட்டியில் சேர்ப்பதில்லை. நாமும் அந்த வரம்பை வைத்துக்கொள்ளலாம். மேல்பக்கத்தில் பெரிதாக வரம்பு இல்லை. வங்கதேசத்தின் கோபால்கஞ்சில் 1986-இல் விழுந்த ஒன்று 1.02 கிலோ.

> கோபுரத்திலிருந்து விழுவதற்குப் 'பாளமுதிர்வு' சரியாக இருக்குமா?

பாளம், மிகச் சரி. பாளம் பாளமாகப் பெயர்கிறது என்றுதான் நாங்களும் சொல்வோம். உதிர்வுதான் இடிக்கிறது. சேர்த்து எழுதியதும் 'பாள முதிர்வு' என்று கண் பிரித்துவிடுகிறது. வைப்புத்தொகை முதிர்வு போல. போதாததற்கு, உதிர்வது இலையும் பூவும். 'பாளவீழ்வு' என்று நான் முன்மொழிகிறேன்.

சொல்லில் கனம் இருக்க வேண்டும் என்று நான் மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. இ.என். 397 என்ற ஐரோப்பியத் தரச் சோதனையில் தலைக்கவசத்தின் மேல் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள்: மோதும் ஆற்றல் சுமார் 49 ஜூல். ஒரு கிலோ பாளம் 50 மீட்டரிலிருந்து விழுந்தால், காற்றுத் தடையைக் கழிக்காமல், 490 ஜூல். பத்து மடங்கு. தலைக்கவசம் போட்டிருக்கிறோமே என்று அடியில் நிற்க முடியாது.

காற்றாலைக்கு மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும். சுழலும் இறக்கை பாளத்தை நேர்கீழே போடுவதில்லை, விசிறியடிக்கிறது. 'பாளவீச்சு' போதும். தூரத்துக்குப் பொதுவாகக் கையாளும் கணக்கு: சுழலியின் விட்டத்தையும் அச்சு உயரத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்குவது. இரண்டும் நூறு நூறு மீட்டர் என்றால் 300 மீட்டர். வீழ்வுக்கும் வீச்சுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த 300 மீட்டர் யார் மனதிலும் நிற்காது.

பலகைக்கு என் வரைவு:

ஆலங்கட்டி மழை: கூரைக்குள் வா.
பாளவீழ்வு: கோபுரத்தை விட்டு விலகு. வெயில் வந்த பிறகும் விழும்.

இரண்டாவதில் 'விலகு' போதுமா, 'விலகி நில்' என்று வேண்டுமா? விலகிப் போனவர்கள் கருவியை எடுக்கத் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். தளத்தில் வேலை செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.