‘நாக்கிங்’ என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக: எரியிடிப்பு, முன்பற்றல், தாங்கித் தட்டல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எஞ்சினில் கேட்கும் தட்டல் ஓசையைக் குறிக்கும் ‘நாக்கிங்’ (knocking) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இடிப்பு, தட்டல், முன்வெடிப்பு, அதிர்வெடி என்று இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். இவற்றுள் எது பொருத்தம் என்று முடிவு செய்யும் முன், இதை ஒரே சொல்லில் அடக்கலாமா என்பதைப் பார்க்க வேண்டும். பட்டறையில் அந்தப் பெயரால் சுட்டப்படும் ஓசைக்கு வெவ்வேறு காரணங்கள் உண்டு. ஒன்று பெட்ரோல் எரியும் முறையில் நேரும் கோளாறு. மற்றொன்று உலோகம் தேய்ந்து, இடைவெளி விழுந்து, பாகங்கள் மோதிக்கொள்வது. முன்னதற்கு உயர்ந்த ஆக்டேன் (தானாகப் பற்றாமல் தாங்கும் திறன்) உள்ள பெட்ரோலோ எரியூட்டும் நேரத்தைத் திருத்துவதோ போதுமானதாக இருக்கலாம். பின்னதற்கு எஞ்சினை உடனே நிறுத்தியாக வேண்டும். அதிவேகத்திலும் மிகை அழுத்தத்திலும் இயங்கும் பந்தய வகைக் கார்களில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் எஞ்சினே போய்விடும்.

எரிதலில் நேரும் கோளாற்றை முதலில் பார்ப்போம். தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுவாலை சிலிண்டருக்குள் சீராகப் பரவிவரும்போது, அது இன்னும் எட்டாத ஓரத்தில் எஞ்சியுள்ள கலவை, ஏறிக்கொண்டே போகும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாளாமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கிடையே மோதித் திரும்புகிறது. 87 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அதன் அதிர்வெண் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோஹெர்ட்ஸ். உயர் கியரில், குறைந்த சுழற்சியில், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது கலகலவென்று கேட்பது இதுதான். இதை ‘எரியிடிப்பு’ என்கிறேன்.

இதனாலேயே ‘முன்வெடிப்பு’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவில்லை. இது தீப்பொறிக்குப் பின் நிகழ்வது. பெயரே காலத்தை மாற்றிச் சொன்னால், படிப்பவர் காரணத்தையும் மாற்றித் தேடுவார். வரலாற்றில் இது நடந்தும் இருக்கிறது. 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்கின் மின்கல எரியூட்டல் வந்தபோது, எஞ்சினில் கேட்ட இந்த ஓசைக்கு அந்த எரியூட்டல் முறையையே பலர் குற்றம் சாட்டினார்கள். கெட்டரிங்கிடம் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி சிலிண்டருக்குள் அழுத்தம் மாறுவதைப் பதிவு செய்து பார்த்து, எரிதல் தொடங்கிய பிறகே அழுத்தம் திடீரென எகிறுகிறது என்றும், கோளாறு எரிபொருளின் இயல்பில் இருக்கிறது என்றும் காட்டினார். 1921-இல், இந்த இடிப்பைத் தடுக்க ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கலக்கும் வழக்கத்துக்கு வித்திட்டதும் இந்த ஆய்வுதான். அந்த ஈயம் காற்றிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் கலந்தது பெருந்துயரம்.

தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது வேறு நிகழ்வு. அதற்கு ‘முன்பற்றல்’ என்ற சொல்லைத் தனியே ஒதுக்கிவைக்கலாம். 1989 முதல் 1994 வரை வந்த போர்ஷே 911-இன் 964 வகையில் (டர்போ அல்லாத கார்களில்) சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. பொறியை முறைப்படி சிலிண்டர்களுக்குப் பகிரும் இரட்டை டிஸ்டிரிபியூட்டரில், இரண்டாவது ரோட்டரை (சுழன்று பொறியைப் பகிரும் கை) ஒரு சிறிய பல் பட்டைதான் சுழற்றுகிறது. பட்டை அறுந்தால் அந்த ரோட்டர் நின்றுவிடும். ஆனால் பொறி நிற்காது. ஆறு சிலிண்டர்களுக்கும் பகிர்ந்து போகவேண்டிய பொறிகள் எல்லாம், ரோட்டர் எந்த முனையருகே நின்றதோ அந்த ஒரே சிலிண்டரில் விழும். பிஸ்டன் மேலேறி வரும் வழியிலேயே கலவை பற்றிக்கொண்டு, அழுத்தம் மிகுந்து, எரியிடிப்பும் சேர்ந்துகொள்ளலாம். இடிப்பை உணரும் நாக் சென்சாரின் துணையால் பொறியின் நேரம் சில பாகை பின்னுக்குத் தள்ளப்பட்டாலும் பயனில்லை. காரணமும் விளைவும் ஆகிய இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், இந்த எஞ்சினில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் விளக்கவே முடியாது.

உலோக மோதலுக்கு பிஎம்டபிள்யூ எம்3-இன் இ46 வகை நல்ல சான்று. அதன் எஸ்54 எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை ஏறும். பிஸ்டனின் வீச்சு 91 மி.மீ. அந்த வேகத்தில், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனைத் தாங்கிகள் (பேரிங்) சுமக்கும் விசை கடுமையானது. தொடக்க ஆண்டுகளில் விற்ற கார்களில் இத்தாங்கிகளை நிறுவனமே மாற்றிக்கொடுத்தது. தேய்ந்த தாங்கியின் ஓசை எரியிடிப்பைப் போலச் சிதறலாக இராது. ஆழமாக, எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து, கிராங்கின் சுழற்சியோடு ஒத்து வரும். ஸ்டெதஸ்கோப்பை எண்ணெய்த் தொட்டியின் பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரின் பொறிக்கு மின்சாரம் தரும் காயில் இணைப்பையும் மாறி மாறிக் கழற்றிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் எரிதல் நிற்கும்போது ஓசை தணிகிறதோ அங்கே தாங்கியைச் சந்தேகிக்கலாம். பிறகு எண்ணெய் வடிகட்டியை அறுத்து, மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் செம்பு நிறத் துகள் மின்னும். அதைப் பார்த்த பிறகும் அந்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை இது. எரிதலில் எழுவது எரியிடிப்பு. அதைக் கண்டறியும் கருவி எரியிடிப்பு உணரி. அதைத் தடுக்கும் எரிபொருளின் பண்பு எரியிடிப்புத் தடுப்பு. தேய்ந்த தாங்கியின் ஓசை தாங்கித் தட்டல். ‘இன்ஜின் தட்டுது’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் சொல்லையே வாங்கிக்கொள்வதால் இது அவர்கள் வாயிலும் எளிதில் நிற்கும். வால்வு இடைவெளி மிகுந்து எஞ்சினின் மேற்பகுதியில், கிராங்கின் பாதி வேகத்தில் கேட்பதை வால்வுத் தட்டல் என்றே சொல்லலாம்.

‘அதிர்வெடி’ என்று எழுதிய நண்பருக்கு ஒரு சொல்: வெடி என்றதும் சைலன்சரில் கேட்கும் வெடியோசையைத்தான் பலரும் நினைப்பார்கள், அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் சுவரில் மோதி, சூடேறியதும் அடங்கிவிடும் ஓசைக்கு ‘பிஸ்டன் அறைவு’ சரியாக இருக்குமா, ‘பக்கத் தட்டல்’ மேலா என்பதைப் பட்டறை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அதை வைத்துப் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.