லோ-கோடு: ‘குறைநிரல்’ வேண்டாம், ‘பொருத்துநிரல்’ சரியாகுமா?

குழுவினருக்கு வணக்கம்.

தயாராக இருக்கும் பாகங்களை வைத்து, கையால் கொஞ்சமே நிரல் (கோடு) எழுதி மென்பொருள் கட்டும் முறைதான் லோ-கோடு. தொழில்நுட்பச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில் போன வாரம் அதற்குக் குறைநிரல், குறுநிரல், மிதநிரல் என்று மூன்று சொற்கள் வந்தன. நிரலே எழுதாமல் கட்டும் நோ-கோடுக்கு வந்த ‘நிரலிலி’ கம்பியிலியின் தடத்திலேயே போவதால் எனக்குச் சம்மதம். மற்ற மூன்றில் எதையும் ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லை வைத்துத்தான் நான் கொட்டேஷன் எழுத வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் ஒரு சிறிய லோ-கோடு நிறுவனம் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் பெங்களூரின் பீன்யாவிலும் ஓசூரிலும் பட்டறை வைத்திருக்கும் தமிழர்கள். கணக்கு டாலி மென்பொருளில் இருக்கும், உற்பத்தி விவரம் எக்செல்லில் இருக்கும், ஆர்டர் வாட்ஸப்பில் வந்து விழும். மூன்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவரத்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், அதை ஆடிட்டர் படிப்பார். முதலாளி படிப்பது நாங்கள் கூடவே கொடுக்கும் தமிழ்ச் சுருக்கத்தை. கையெழுத்துப் போடுபவர் அவர்தான். என்ன வாங்குகிறோம் என்பது ஒரே வாசிப்பில் அவருக்குப் புரிய வேண்டும்.

‘குறைநிரல் மென்பொருள்’ என்று அந்தத் தாளில் எழுதிப் பாருங்கள். குறை சொல்வது, குறை வைப்பது, குறைப்பிரசவம் என்று தமிழில் இந்தச் சொல் போகும் இடமெல்லாம் பழுதைத்தான் சொல்கிறது. ‘குறைந்த நிரல்’ என்று விரித்துக்கொள்ளலாம் என ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி சரி. ஆனால் பணம் கொடுப்பவர் விரித்துப் படிக்கமாட்டார். குறுநிரலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, குறுஞ்செய்தி பழகிய காதுக்கு இதமாகவும் இருக்கிறது. ஆனால் ஸ்கிரிப்ட் எனப்படும் சிறு நிரலுக்கு அதை நம்மில் பலர் ஏற்கெனவே எழுதி வருகிறோம். செயலி என்ற ஒரே சொல் பிராசஸருக்கும் ஆப்புக்கும் நடுவில் படும் பாடு போதும். மிதநிரல் உரைநடையில் ஒட்டவே இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூன்று சொற்களும் நிரலின் அளவை எண்ணுகின்றன. 2014இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் லோ-கோடு என்ற பெயரை வைத்தபோது, கையால் எழுதும் நிரல் மிகக் குறைவாக இருக்கும் என்பதைத்தான் முன்னால் வைத்தது. அதற்கு வெகு முன்பே, 2001இல் போர்ச்சுகலில் அவுட்சிஸ்டம்ஸ், 2006இல் ஸோகோ கிரியேட்டர் என்று இப்படிப்பட்ட தளங்கள் வந்துவிட்டன. பெயர்தான் பிந்தி வந்தது. வந்த பெயர் வேலையின் இயல்பைச் சொல்லவில்லை.

ஓர் உதாரணம். ஓசூரிலிருந்து பீன்யாவுக்குச் சரக்குப் போனால் மாநிலம் தாண்டிய விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். ஓசூருக்குள்ளேயே விற்றால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. சரிபாதி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கிய இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே ரத்து செய்யலாம், அப்புறம் கிரெடிட் நோட்டுதான். படிவம், பட்டியல், யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதி ஆகியவற்றை மவுஸால் இழுத்து வைத்துவிடலாம். ஆனால் இந்த 24 மணி நேர விதிக்கும், பைசா ரவுண்டிங்குக்கும், பாதிச் சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும். எழுதும் மொழி தளத்துக்குத் தளம் வேறு: ஸோகோ கிரியேட்டரில் டெலூஜ், பவர் ஆப்ஸில் பவர் எஃப்எக்ஸ், ஆப்ஸ்மித்தில் ஜாவாஸ்கிரிப்ட். வேலை வளர வளர நிரலும் வளரும். ஆறு மாதம் கழித்துக் கூடுதல் வேலைக்கு பில் போனால், “குறைவு என்றுதானே எழுதிக் கொடுத்தீர்கள்?” என்று முதலாளி கேட்பார். கேட்பது நியாயம்.

எங்கள் வேலையில் எப்போதும் மாறாமல் இருப்பது வேறொன்று. படிவம், அட்டவணை, அறிக்கை, ஒப்புதல் வரிசை எல்லாம் லோ-கோடு தளத்தில் தயாராக இருக்கின்றன. அவற்றை எடுத்து அந்தப் பட்டறையின் நடைமுறைக்குப் பொருத்துகிறோம், பொருந்தாத இடத்துக்கு மட்டும் நிரல் எழுதுகிறோம். ஆகவே என் முன்மொழிவு: பொருத்துநிரல். ஃபிட்டர் வேலை என்ன என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். பாகங்கள் தயாராக வந்தாலும் பொருத்துவதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும், அளவு தப்பினால் இயந்திரம் ஓடாது என்பதும் தெரியும். பொருத்திய, பொருத்துகின்ற, பொருத்தும் நிரல் என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. பொருத்துநிரலாக்கம், பொருத்துநிரலர், பொருத்துநிரல் தளம் என்று கிளைச்சொற்களும் தடங்கல் இல்லாமல் வருகின்றன.

கோடு என்பதற்கு ஏன் ‘குறியீடு’ இல்லை என்று சிலர் கேட்கலாம். அதே இன்வாய்ஸில் சரக்கின் வகையைக் காட்டும் எச்.எஸ்.என். குறியீடும் அஞ்சல் குறியீடும் இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று வேண்டாம்.

இன்னொரு சொல்லும் வேண்டும், எனக்கு அதுதான் அவசரம்: வெண்டார் லாக்-இன், அதாவது ஒரு தளத்தில் கட்டியதை வேறிடத்துக்கு எளிதில் எடுத்துப் போக முடியாமல் மாட்டிக்கொள்வது. ‘வழங்குநர் பூட்டு’ என்று எழுதினால் ஏதோ பாதுகாப்பு வசதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். தளத்தின் பிடியில் இருக்கிறோம் என்று நேராகச் சொல்ல ‘தளப்பிடி’ என்கிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான், விலையும் வேகமும் அப்புறம். கூகுளின் லோ-கோடு தளமான ஆப் மேக்கர் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அமேசானின் ஹனிகோடு 2020இல் வந்து 2024 பிப்ரவரி 29இல் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்பதால் மட்டும் நிம்மதி இல்லை. பபிள் என்ற தளத்தில் வேகமாகக் கட்டலாம், தரவைக் கோப்பாக எடுத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் அங்கே வகுத்த வேலைவிதிகளை நிரலாக வெளியே கொண்டுவர முடியாது. 2023இல் அது, கட்டிய மென்பொருள் தன் சர்வரில் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் முறைக்கு மாறியபோது, அதில் கட்டியவர்களுக்கு வேறிடம் போகும் வழி எளிதாக இல்லை. ஃப்ளட்டர்ஃப்ளோவில் கட்டணத் திட்டம் எடுத்தால் கட்டிய ஆப்பின் நிரலையே இறக்கிக்கொள்ளலாம். ஆப்ஸ்மித், டூல்ஜெட், புடிபேஸ் (Budibase) ஆகியவை திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்), நம் சர்வரிலேயே நிறுவலாம்.

அதற்காக எல்லோரையும் திறமூலத்துக்கே தள்ளுவதும் சரியில்லை. சொந்த சர்வர் என்றால் பேக்கப், அப்டேட், இரவில் நின்றுபோனால் எழுந்து பார்ப்பது எல்லாம் நம் தலையில். கணினிக்கென்று ஆள் இல்லாத பட்டறைக்கு, விடுப்பு விண்ணப்பத்துக்கும் கேட் பாஸுக்கும் ஸோகோ கிரியேட்டர் போன்ற தளமே நல்லது. தளப்பிடி இருக்கட்டும், இருப்பது தெரிந்து வாங்கட்டும். என் தமிழ்ச் சுருக்கத்தில் அந்தத் தலைப்பின் கீழ் மூன்று கேள்விகள் இருக்கும்: தரவு வெளியே வருமா, வேலைவிதிகள் வெளியே வருமா, தளத்தில் கணக்கு யார் பெயரில்? மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. எங்களிடம் வந்த ஒரு வாடிக்கையாளருக்கு முன்பு வேலை செய்தவர்கள் தங்கள் பெயரிலேயே கணக்கை வைத்திருந்தார்கள். சண்டை வந்ததும் சொந்த ஸ்டாக் பட்டியலையே அவரால் திறக்க முடியவில்லை. கணக்கு வாடிக்கையாளர் பெயரில், கட்டணம் வாடிக்கையாளர் கார்டில், நாங்கள் அழைக்கப்பட்ட பயனராக மட்டும் உள்ளே. இதற்கு ஒப்புக்கொள்ளாத வேலையை நாங்கள் எடுப்பதில்லை.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

மும்பையிலிருந்து:

அக்கா, வணக்கம். தளப்பிடியை இன்றே எடுத்துக்கொள்கிறேன். பொருத்துநிரலில் ஒரு சந்தேகம். இப்போது யார்தான் எல்லாவற்றையும் தானே எழுதுகிறார்கள்? பைத்தான் மொழியில் எழுதுபவரும் பிறர் எழுதிவைத்த நாலு நூலகங்களை (லைப்ரரி) எடுத்துப் பொருத்தத்தான் செய்கிறார். நாங்கள் ஃப்ராப்பேயில் வேலை செய்கிறோம், மும்பையில் பிறந்த திறமூலத் தளம், இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற நிறுவன நிர்வாக மென்பொருள் அதன் மேல்தான் நிற்கிறது. டாக்டைப் (ஆவண வகை) ஒன்றை உலாவியில் வரையறுத்தால் அட்டவணை, படிவம், அனுமதி, பிற மென்பொருள்கள் வந்து இணையும் ஏ.பி.ஐ. எல்லாம் வந்துவிடும். அங்கே நான் பொருத்துவதாகத் தோன்றவில்லை, வரையறுப்பதாகத்தான் தோன்றுகிறது. எல்லைக்கோடு எங்கே?

*

டெல்லியிலிருந்து:

அன்புடையீர், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். கணினித் தொழில் தெரியாது, சொல் பற்றி மட்டும் சொல்கிறேன். நிரல் என்பது ஒழுங்கு, வரிசை. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் நிரல்நிறையும் ஒன்று. அதே எட்டில் கொண்டுகூட்டு என்பதும் உண்டு: செய்யுளின் பல அடிகளில் கிடக்கும் சொற்களை எடுத்து, பொருளுக்கு ஏற்ற இடத்தில் கூட்டுவது. தங்கள் தொழிலின் விளக்கத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ‘கொண்டுகூட்டுநிரல்’ என்று வைத்தால் என்ன?

*

பெங்களூரிலிருந்து:

தம்பி, நல்ல கேள்வி. நான் எல்லைக்கோடு போடுவது இப்படி: நூலகம் உங்கள் நிரலுக்குள் வருகிறது, பொருத்துநிரலில் உங்கள் நிரல் தளத்துக்குள் போய் உட்காருகிறது. பைத்தான்காரர் ஒரு நூலகத்தை மாற்றிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியும். தளத்தை எடுத்துவிட்டால் எங்கள் நிரல் துண்டுகளுக்கு நிற்க இடம் இல்லை. டாக்டைப்பிலும் களம் சேர்க்கும்போது தேதி, தொகை, இன்னொரு ஆவணத்துக்கு இணைப்பு என்று ஃப்ராப்பே தயாராக வைத்திருக்கும் களவகைகளில் ஒன்றைத்தானே எடுக்கிறீர்கள்? அதனால் அதையும் பொருத்துநிரல் என்றே சொல்வேன். ஆனால் தளம் முழுவதும் திறமூலமாகக் கையில் இருப்பதால் அதன் தளப்பிடி மிகவும் தளர்ந்தது. இரண்டு சொற்களும் தனித்தனியாக வேண்டும் என்பதற்கு உங்கள் ஃப்ராப்பேயே சான்று.

ஐயா, கொண்டுகூட்டு என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். லோ-கோடுக்கு அது வேண்டாம், கொண்டுகூட்டுநிரலாக்கம் என்று நீளும்போது வாய் சோர்ந்துவிடும். ஆனால் எங்களுக்குச் சொல்லே இல்லாத ஓர் இடம் இருக்கிறது. வாட்ஸப்பில் வந்த ஆர்டரை எடுத்து, ஸ்டாக் அட்டவணையில் கழித்து, டாலியில் விற்பனை வவுச்சராகச் சேர்ப்பது. ஸேப்பியர், மேக், என்எய்ட்என் போன்றவை செய்யும் வேலை இது. இதை இதுவரை ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதி வந்தோம். கூட்டம் ஏற்பாடு செய்வதற்கும் அதே சொல், துறைகளுக்கு நடுவில் ஓடும் அதிகாரிக்கும் அதே சொல். பல இடங்களில் கிடப்பதை எடுத்து ஏற்ற இடத்தில் கூட்டுவது என்ற பொருள் இதற்கு அப்படியே அமைகிறது. ‘ஆர்டர் கொண்டுகூட்டு’, ‘வங்கிக் கணக்குக் கொண்டுகூட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், படிக்கத் தடையில்லை. ‘கொண்டு வந்து கூட்டு’ என்று பேச்சுத் தமிழிலேயே விளங்குகிறது, நன்னூல் படிக்காதவருக்கும் சிரமம் இல்லை.

மறுப்பு ஏதும் இல்லையென்றால் பொருத்துநிரல், தளப்பிடி, கொண்டுகூட்டு மூன்றையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தமிழ் விக்சனரியில் சேர்க்கிறேன். அடுத்த கொட்டேஷனிலும் போடுகிறேன், முதலாளிகள் எங்கே நின்று கேள்வி கேட்கிறார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். பட்டறையில் கணக்கு பார்க்கும் பெண்ணே சொந்தமாக ஓர் அறிக்கைப் படிவம் கட்டிக்கொள்கிறார் அல்லவா, அந்த சிட்டிசன் டெவலப்பருக்கு நம்மிடம் இன்னும் சொல் இல்லை. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.