லெமன் பார்: துண்டுக்கு 150 கலோரியா, 260 கலோரியா?

மைதாக்கை:
நேற்று லெமன் பார் செய்தேன், பேக் செய்து துண்டு போடும் எலுமிச்சை இனிப்பு. எட்டு அங்குலச் சதுரத் தட்டு. அடியில் வெண்ணெய் 113 கிராம், மைதா 125, பொடித்த சர்க்கரை 30. மேலே ஊற்ற முட்டை 2, சர்க்கரை 200 கிராம், எலுமிச்சைச் சாறு 60 மில்லி, கட்டிப்பட இன்னும் இரண்டு ஸ்பூன் மைதா. இதே அளவுக்கு ஓரிடத்தில் துண்டுக்கு 150 கலோரி என்று போட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் 260. எதை நம்புவது? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "எலுமிச்சைதானே, வைட்டமின் சி" என்று சொல்லித்தான் தட்டை நீட்டினேன்.

தராசு:
எத்தனை துண்டு போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே! தட்டு மொத்தமும் 2,360 கலோரி பக்கம் வரும். 16 ஆக வெட்டினால் துண்டுக்கு 150, ஒன்பதாக வெட்டினால் 260. இரண்டு கணக்கும் சரி, கத்திதான் வேறு. ஒன்பதில் ஒன்று என்றால் சர்க்கரை மட்டும் 25 கிராம். நாள் முழுக்கவே அதற்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைட்டமின் சியை விட்டுவிடுங்கள். அந்த 60 மில்லியில் இருப்பதே இருபது மில்லிகிராம் சொச்சம். அதைப் பங்குபோட்டு, சூட்டில் வேறு கொஞ்சம் போனால் என்ன மிஞ்சும்?

மைதாக்கை:
ஒன்பது. அதிலும் அவருக்கு ஓரத்துண்டு, பெரியது. சரி, சர்க்கரையைப் பாதியாக்கலாமா?

பழைய அவன்காரி:
பாதி வேண்டாம்மா, மேல்பாகம் முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிடும். முட்டை சட்டென்று இறுகாமல் பிடித்து வைப்பதே சர்க்கரைதான். நான் 150 கிராம் போடுகிறேன், புளிப்பு தூக்கலாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் சீக்கிரம் வெந்துவிடும். ஓரம் இறுகி, தட்டை அசைத்தால் நடுவில் மட்டும் லேசாக ஆடும்போதே எடுத்துவிடு. அலுமினியத் தட்டு என்றால் அடியில் பேக்கிங் பேப்பர் போடு, இல்லாவிட்டால் புளிப்புக்கு உலோக வாடை ஏறும். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு வெட்டினால்தான் 16 துண்டு ஒழுங்காக வரும்.

தராசு:
150 கிராம் போட்டு 16 துண்டு என்றால் ஒன்றில் 11 கிராம் சர்க்கரை, 135 கலோரி. வெண்ணெய் அப்படியேதான் இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மைதாக்கை:
இன்று 150 போட்டுப் பார்த்தேன். வழக்கமாக 25 நிமிடம், இன்று இருபதிலேயே நடு லேசாக ஆடியது, எடுத்துவிட்டேன். இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அவர் இரண்டு தரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டார்.