ஹட்டன் சிரமதானம்: முந்திய பதிவுக்குப் புதுப்பிப்பு

சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்க முன்னம் ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து பஸ் தரிப்பிடம் வரை ஒரு சிரமதானம், அதாவது எல்லாரும் கூடித் துப்புரவு செய்கிற வேலை, வைப்போமா என்று இங்கே கேட்டிருந்தேன். வைத்தாச்சு. டிக்கோயா பக்கத்துத் தோட்டத்துப் பொடியன்மார் மம்பட்டியோடு வந்து இறங்கினார்கள். கானுக்குள் (வடிகாலுக்குள்) இருந்து அள்ளியதில் பாதி சொப்பிங் பேக், மீதி யோகட் கப். இவ்வளவு யோகட்டை யார்தான் சாப்பிடுகிறார்களோ!

டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரை, மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு ரயிலில் போகிற சனம் ஹட்டனில்தான் இறங்கி மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்கும். குப்பைத்தொட்டி கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

அடுத்தது மாசியில் காமன் கூத்து, மன்மதன் ரதி கதையை ஆடுகிற எங்கள் தோட்டத்துக் கூத்து. அமாவாசை கழிந்து, கூத்தைத் தொடங்கிவைக்கிற கம்பம் ஊன்ற வேண்டும். ரதி வேஷத்துக்கு ஆள் சரி. வழமைபோல ஆம்பிளைதான், மீசையை எடுக்கத்தான் யோசிக்கிறார். தட்டுப்பாடு தப்பு என்கிற தோல் மேளம் அடிக்கத்தான். தெரிந்த இளசுகள் எல்லாம் கொழும்பில் கடை வேலையில். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பெரியப்பா ஒருவர் ஞாயிறு பின்னேரங்களில் பழக்குகிறார். முதல் பாடமே தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவதுதான். ஈரக்குளிரில் தொய்ந்த தப்பு 'தொப்' என்றுதான் கேட்கும். பொம்பிளைப் பிள்ளைகளும் வரலாம், பெரியப்பாவே சொல்லிவிட்டார்.