புரொபேஷன் மீறல்னு வாரண்ட் வந்தவங்க, கூட நின்னவங்க எழுதுங்க

என் தம்பி அமெரிக்காவுல இருக்கான். குடிச்சிட்டு வண்டி ஓட்டின கேஸ்ல ஒரு வருஷம் புரொபேஷன், அதாவது ஜெயிலுக்குப் பதிலா நிபந்தனையோட கோர்ட் கண்காணிப்புல வெளிய இருக்கறது. மாசாமாசம் ஆபீசரைப் பாக்கணும், ஃபீஸ் கட்டணும், வகுப்புக்குப் போகணும். எட்டு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. அப்புறம் வேலை போச்சு, ரெண்டு மாசம் ஃபீஸ் பாக்கி. வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறதுன்னு ஆபீசரைப் பாக்கவும் போகலை. பணம் கட்டாததுக்காவது காரணம் சொல்லலாம். போகாததுக்கு என்னத்தைச் சொல்ல? வாரண்ட் வந்துடுச்சு.

உடனே ஆபீசருக்கு போன் போட்டு எல்லாத்தையும் கொட்டிடறேன்னு குதிச்சான். புடிச்சு நிறுத்தி, பழைய கேஸ்ல ஆஜரான பப்ளிக் டிஃபெண்டரை, அதான் வசதியில்லாதவங்களுக்கு அரசு கொடுக்கிற வக்கீலைத் தேடிப் போனோம். அந்தம்மா, "ஆபீசர்கிட்ட நீ பேசுறது உனக்கு எதிராவே வரும்"னாங்க. போலீஸ் காவல்ல வச்சு விசாரிக்கறப்ப 'பேசாம இருக்க உனக்கு உரிமை உண்டு'ன்னு சொல்லுவாங்கல்ல, வழக்கமான புரொபேஷன் சந்திப்புல ஆபீசர் அதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. 1984ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்காம்.

புரொபேஷன் மீறல் விசாரணையில ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னும் இல்லை. நீதிபதிக்கு 'மீறியிருக்க வாய்ப்பு அதிகம்'னு பட்டா பொதுவா அதுவே போதும். அதனால அந்தம்மா வாதத்தை விட பேப்பரைத்தான் நம்பினாங்க. வேலையை விட்டு எடுத்த கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், வேலைக்கு விண்ணப்பிச்ச ஈமெயில் நாப்பத்தொண்ணு. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து தேதி வாரியா அடுக்கச் சொன்னாங்க. 1983ல ஜார்ஜியா மாநில வழக்கு ஒண்ணுல, பணம் கட்டலைங்கிறதுக்காக மட்டும் ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது, வேணும்னே கட்டலையா, முயற்சி பண்ணியும் முடியலையான்னு முதல்ல பாக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதுக்குத்தான் இந்த அடுக்கு.

போலீஸ் வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள வக்கீலோட நாங்களே கோர்ட்டுக்குப் போயிட்டோம். ஃபீஸைத் தவணையாக்கி, புரொபேஷனை மூணு மாசம் நீட்டினதோட விட்டாங்க.

*

நான் போன் வழியா மொழிபெயர்க்கிற வேலையில இருக்கேன். யார், எங்கேன்னு சொல்ல முடியாது. நம்மாளுங்ககிட்ட ஒரு பழக்கம்: எதிராளி பேசப் பேச "ம்ம்", "ஆமாங்க", "சரிங்க"ன்னு சொல்லிட்டே இருப்போம். கேட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம், அவ்வளவுதான். நீதிபதி "இந்தத் தேதியில வகுப்புக்குப் போகலை, சரியா?"ன்னு கேக்கறப்ப பாதிக் கேள்வியிலயே "ஆமாங்க"ன்னா, நான் "யெஸ்"னுதான் சொல்லணும். என் வேலை அது. பெரியவர் ஒருத்தர் இப்படி மூணு தடவை ஒத்துக்கிட்டார், எதை ஒத்துக்கிட்டோம்னே தெரியாம. நல்லவேளையா வக்கீல் குறுக்கிட்டு, கேள்வியை முதல்லேர்ந்து கேக்க வச்சார்.

*

கிரீன் கார்டுல இருக்கிறவங்க கவனம். என்னோடது கடைத் திருட்டு கேஸ், புரொபேஷன்ல இருந்தேன். காசு கொடுத்து வச்ச வக்கீல் "மீறலை ஒத்துக்கிட்டு முடிச்சிடலாம்"னார். குடியுரிமை இல்லைன்னு சொன்னப்புறம்தான் நிமிர்ந்து பாத்தார். திருட்டு கேஸ்ல ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ சிறைத்தண்டனை விதிச்சா நாடு கடத்துற அளவுக்குப் போகும். புரொபேஷனை ரத்து பண்ணி விதிக்கிற தண்டனையும் அதுல சேரும்னு இமிக்ரேஷன் வக்கீல் சொன்னதும் எனக்குத் தூக்கமே போச்சு. ரெண்டு வக்கீலையும் ஒரே போன்ல பேச வச்சேன். கடைசியில ஒரு வருஷத்துக்கு நல்லாக் கீழேயே முடிஞ்சுது.

*

தொடங்கினவன்தான். ஒண்ணு விட்டுட்டேன். மீறல் விசாரணைக்கு எல்லாருக்கும் இலவச வக்கீல்னு அரசியல் சாசனப்படி கட்டாயம் இல்லை, வழக்கைப் பொறுத்துன்னு 1973ல தீர்ப்பு. பல மாநிலங்கள்ல சட்டமே தனியா கொடுக்குது. வேணும்னு முதல் நாளே வாய்விட்டுக் கேளுங்க.

அப்புறம், மொழிபெயர்க்கிற அக்காவுக்கு: கோர்ட்ல என் தம்பி "யெஸ், யெஸ்"னு தலையாட்டுறப்பல்லாம் எங்க வக்கீலம்மா மேஜைக்கு அடியில அவன் காலை மிதிச்சாங்களாம். ஏன்னு அவனுக்கு இன்னிக்குத்தான் புரிஞ்சுதாம்.