நீர்க்காகம் வரைந்தால் எலியாகத் தெரிகிறது, அடியும் பிந்துகிறது: சண்டைக் கேம் பாத்திரத்துக்கு உதவி தேவை

வாவிக்கரையான் (கல்லடி):

எல்லாருக்கும் வணக்கம். நானும் கூட்டாளி ஒருவனும் சேர்ந்து இரண்டு பேர் மோதும் 2டி சண்டைக் கேம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். அவன் கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் நிரல் எழுதுகிறான், படம் வரைவது நான். பாத்திரங்கள் எல்லாம் 1930 வாக்கில் வந்த அமெரிக்கக் காட்டூன்கள் மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆசை: எலும்பில்லாத றப்பர் கை கால், கறுப்பு வெள்ளை, சும்மா நிற்கும்போதும் தாளத்துக்குத் துள்ளும் உடம்பு.

முதல் பாத்திரம் ஒரு நீர்க்காகம். வாவிக்குள் நட்டிருக்கும் கம்புகளில் செட்டையை விரித்துக்கொண்டு வெயில் காயுமே, அதுதான். பெயர் வாவியான். வெள்ளைக் கையுறை, இரண்டு பொத்தான் வைத்த காற்சட்டை, பெரிய சப்பாத்து, கறுப்பு விழியில் ஒரு துண்டு வெட்டின மாதிரிக் கண் எல்லாம் போட்டாயிற்று.

பிரச்சினை இதுதான். யாரிடம் காட்டினாலும் "மிக்கி மவுசுக்குச் சொண்டு வைத்திருக்கிறாய்" என்கிறார்கள். அதைவிடப் பெரியது, பட்டனை அமத்தினால் அடி பிந்தித்தான் போகிறது. ஒரு குத்துக்கு எட்டுப் படம். முதல் நான்கும் கையைப் பின்னுக்கு இழுத்துச் சுழற்றுவது. தனியாக ஓட்டினால் அவ்வளவு வடிவு, கேமுக்குள் போட்டால் செத்துப்போகிறது. கூட்டாளி படத்தைக் குறை என்கிறான். குறைத்தால் பழைய பாணி போய்விடாதா? இன்னொன்று, நீண்ட கை எதிராளியின் உடம்புக்குள்ளால் போய் வருகிறது. சில நேரம் படுகிறது, சில நேரம் இல்லை.

நிரல்காரி (அக்கரைப்பற்று):

ஒரு படம் எவ்வளவு நேரம் நிற்கிறது?

வாவிக்கரையான்:

செக்கனுக்கு 24 பிரேம் கணக்கு, ஒரு படம் இரண்டு பிரேம். அப்படியென்றால் செக்கனுக்கு 12 படம்.

நிரல்காரி:

அப்போ கோளாறு அங்கேதான். சண்டைக் கேம் செக்கனுக்கு 60 பிரேமில் ஓடும். உங்கள் ஒரு படம் அதில் 5 பிரேம் நிற்கிறது. ஓங்குகிற நான்கு படத்துக்கும் 20 பிரேம், அதாவது ஒரு செக்கனில் மூன்றிலொரு பங்கு. இந்த வகைக் கேம்களில் லேசான குத்து நாலைந்து பிரேமிலேயே பட்டுவிடும். நீங்கள் வரைகிற கணக்கில் அது ஒரே ஒரு படம்! வாவியான் கையைச் சுழற்றி முடிப்பதற்குள் எதிராளி குத்திவிட்டு அடுத்ததையும் தொடங்கியிருப்பான்.

இதே பழைய காட்டூன் பாணியில் வந்த கப்ஹெட் கேமைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். 2017இல் வந்த அந்தக் கேமிலும் கையால் வரைந்த படங்கள் 24இல்தான் ஓடுகின்றன, விளையாட்டு 60இல் ஓடுகிறது. ஆனால் அங்கே நீளமாக ஓங்குகிறது பெரிய எதிரி. நாங்கள் அதைப் பார்த்து விலக வேண்டும், ஆகவே அந்த ஓங்கல் விளையாட்டுக்கே தேவை. உங்கள் கேமில் ஓங்குகிறவன் பட்டனை அமத்துகிறவன். அவனுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது.

படத்தைக் குறைக்கத் தேவையில்லை, இடம் மாற்றினால் போதும். றப்பர் விளையாட்டை எல்லாம் அடி பட்ட பிறகு வையுங்கள். முதல் படம்: உடம்பு லேசாகக் குறுகுகிறது, 2 பிரேம். இரண்டாவது: இழுபட்டு மங்கின ஒரு ஸ்மியர், 2 பிரேம். அடுத்தது முழுக்க நீண்ட அடி. அது படுகிற கணத்தில் இரண்டு பேரையும் பத்துப் பிரேம் அளவுக்கு அப்படியே உறையவிடச் சொல்லுங்கள் கூட்டாளியிடம். ஹிட்ஸ்டொப் என்பது இதுதான். கண் அந்தப் படத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், அதனால் உங்கள் உழைப்பில் பாதியை அந்த ஒரு படத்துக்குக் கொடுங்கள். திரும்பி வரும்போது கை சுருண்டு, தலையைச் சுற்றி, ஆடி அடங்கட்டும். அங்கே எவ்வளவு நேரம் எடுத்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள், அது தவறவிட்டவனுக்கு வருகிற தண்டனைதானே. கனமான அடிக்கு மட்டும் முன்னால் கொஞ்சம் ஓங்கலை விட்டுவைக்கலாம், 12 பிரேமுக்கு மேல் போகாமல்.

சும்மா நிற்கிற துள்ளலை 5 பிரேம் கணக்கிலேயே வையுங்கள், அங்கே அது அழகு. எல்லாப் படமும் ஒரே அளவு நேரம் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பென்சில் நானா (மருதமுனை):

பிள்ளை சொன்னது சரி. நான் உருவத்துக்கு வருகிறேன்.

தம்பி, அந்தக் கையுறை ஏன் வந்தது என்று பாருங்கள். 1928இல் வந்த ஸ்டீம்போட் வில்லி என்ற மிக்கி மவுஸ் படத்தில் எலிக்குக் கையுறையே கிடையாது. கறுப்புக் கை கறுப்பு உடம்புக்கு முன்னால் வந்தால் காணாமல் போய்விடும், அதற்குத்தான் பிறகு வெள்ளை போட்டார்கள். இன்னொரு கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடின மின்ஸ்ட்ரல் மேடையில் கறுப்பு முகம், பெரிய வாய், வெள்ளைக் கையுறை மூன்றும் சேர்ந்தே வரும். அந்தக் காலக் காட்டூன்களில் அதன் சாயல் நிறைய. கறுப்புப் பாத்திரம் வரைகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வரைய வேண்டும், தெரியாமல் அள்ளிக்கொண்டு வரக்கூடாது.

உங்கள் தேவை என்ன? கறுப்பு உறுப்பு கறுப்பு உடம்பில் மறையக்கூடாது. சரி, உடம்புக்கு வெள்ளைப் பெனியன் போடுங்கள். தீர்ந்தது. காற்சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரனை மடித்துக் கட்டிவிடுங்கள். சண்டை தொடங்கமுன் அவன் சாரனைத் தூக்கி மடித்துக் கட்டுவதே ஒரு அசைவு. எங்கள் பக்கம் அதைப் பார்த்தால் போதும், அடுத்தது என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முக்கியமானது இனித்தான். நீர்க்காகத்துக்குக் கடவுள் கொடுத்த றப்பர் குழாய் கழுத்து. அதை வைத்துக்கொண்டு ஏன் கையால் குத்துகிறான்? கழுத்தால் அடிக்கட்டும். அந்தப் பறவையின் சொண்டு நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும், போட்டோவில் பெரிதாக்கிப் பாருங்கள். பிடித்து எறிகிற அடிக்கு அது இருக்கிறது. வென்ற பிறகு செட்டையை விரித்து வெயில் காயட்டும். இப்படிச் செய்தால் எலி என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

உரிமை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்த 1928 படத்தின் அமெரிக்கப் பதிப்புரிமை 2024 ஜனவரி 1இல் முடிந்தது. அதற்காகப் பிந்தி வந்த உருவங்களும் வணிகக் குறியும் சும்மா கிடைத்துவிடவில்லை. விலகி நில்லுங்கள். ஸ்கல்கேர்ள்ஸ் கேமின் பீகொக்கையும் ஒருமுறை பாருங்கள். 2012இலேயே இதே பாணியில் சண்டை போட்ட பாத்திரம். ஒப்பிடுவார்கள், அவளிடம் இருக்கிறதை நீங்கள் திரும்பச் செய்யாதீர்கள்.

மத்தளச் சத்தம் (வந்தாறுமூலை):

கொக்கி என்றதும் எனக்குக் கொம்புமுறிதான் ஞாபகம் வந்தது. கண்ணகி அம்மன் கோயில்களில் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து நின்று, இரண்டு வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுப்பார்களே, ஒன்று முறியும் வரைக்கும். எறிகிற அடியை அப்படி வைத்தால் என்ன? சொண்டு கொளுவினதும் இரண்டு பேரும் பட்டனை அமத்தி இழுபறி.

இன்னொன்று, வடமோடிக் கூத்தில் வரும் அரசர் மாதிரி, வளையம் வைத்த கரப்புடுப்புப் போட்டு விட்டால் சுழலும்போது பார்க்க அப்படி இருக்கும்.

நிரல்காரி:

இழுபறி நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு எறிக்கும் வைத்தால் சலித்துவிடும். எதிராளி தப்பிக்க அதே நேரத்தில் அமத்தினால் மட்டும் இழுபறி வரட்டும், அதுவும் ஒரு செக்கனுக்குள் முடியட்டும்.

பென்சில் நானா:

கரப்புடுப்பு வேண்டாம் தம்பி. மேடையில் அழகு, ஆனால் அந்த வளையத்தையும் மணியையும் படத்துக்குப் படம் வரையப்போகிறவர் நீங்கள் இல்லையே. சண்டைப் பாத்திரம் ஒன்றுக்கு நடை, குனிவு, பாய்ச்சல், தடுப்பு, அடிகள், விழுந்து எழும்புவது என்று முப்பது அசைவு சுளையாக வரும். அசைவுக்கு ஆறு படம் என்றாலும் 180. கோடு குறைந்த உருவமே கரை சேரும்.

வாவிக்கரையான்:

நானா, கழுத்து யோசனை அந்த மாதிரி! நேற்றிரவே கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் வரைந்து பார்த்தேன். பெனியனுக்கு முன்னால் கழுத்து வரும்போது கோடு போட்ட மாதிரித் தெளிவாகத் தெரிகிறது. அக்கா சொன்ன 2-2 கணக்கில் போட்டதும் அடி உடனே போகிறது. கூட்டாளி இப்போது படத்தைக் குறைக்கச் சொல்வதில்லை.

ஆனால் கழுத்து திரையின் பாதி வரைக்கும் நீள்கிறது. தூரத்தில் நின்று அடித்துக்கொண்டே இருந்தால் எதிராளிக்கு வழியில்லை. உடம்புக்குள்ளால் போகிற பிரச்சினையும் அப்படியே.

நிரல்காரி:

1991இல் வந்த ஸ்ட்ரீட் பைட்டர் 2இல் தால்சிம் கை கால் நீட்டி அடிப்பான். நீட்டின கையையே எதிராளி அடிக்கலாம். அதேதான் வழி. அடி பட்டதா என்று கேம் பார்ப்பது படத்தை வைத்து அல்ல, அதன் மேல் நாங்கள் வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளை வைத்து. அடிக்கிற பெட்டியைத் தலையிலும் சொண்டிலும் மட்டும் வையுங்கள், அடி வாங்குகிற பெட்டியைக் கழுத்து முழுக்க வையுங்கள். கழுத்து சுருண்டு திரும்பும் நேரம் முழுக்க அது இருக்கட்டும். தூரத்தில் அடிக்கலாம், தவறினால் கழுத்தில் வாங்கவேண்டியதுதான்.

சில நேரம் படாமல் போவதற்குக் காரணம், பெட்டியைப் படத்தின் வளைவோடு சேர்த்து ஆடவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நிற்கிற துள்ளலுக்கும் அதே கதை: உடம்பு எவ்வளவு துள்ளினாலும் பெட்டி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவன் மேலே துள்ளின நேரம் பார்த்து வந்த தாழ்ந்த அடி தப்பிவிடும், விளையாடுகிறவனுக்கு ஏனென்றே விளங்காது.

வாவிக்கரையான்:

பார்த்தேன், பெட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தியாயிற்று, இப்போது ஒழுங்காகப் படுகிறது. கடைசியாக ஒன்று: பெனியனில் 'வா' என்று எழுதலாமா?

நிரல்காரி:

இடது பக்கம் திரும்பும்போது படத்தைக் கண்ணாடிபோலப் புரட்டித்தானே காட்டுவீர்கள்? எழுத்தும் புரண்டுவிடும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைய முடியுமென்றால் எழுதுங்கள்.

பென்சில் நானா:

எழுதாதீர்கள். பெனியன் வெறுமையாக இருக்கட்டும், சாரனுக்கு மட்டும் ஒரு தடித்த கரை. கட்டம் போட ஆசை வரும், போட்டுவிடாதீர்கள், படத்துக்குப் படம் கோடு நடுங்கும். மருதமுனைச் சாரன் விற்கிற நானே இதைச் சொல்கிறேன்.